ரீசேல் வீடு: ஆப்ஷன் வாங்குறதுக்கு முன்னாடி தனியா ஆள் வச்சு செக் பண்ணணுமா?

ஈசூன்_மாப்ள:
வணக்கம் மக்களே. சிங்கப்பூர் ஈசூன்ல ஒரு ஃபோர் ரூம் எச்டிபி (அரசு வீடமைப்பு வாரியம்) வீடு, ஏற்கனவே ஒருத்தர் இருக்கிற ரீசேல், பாத்துருக்கோம், 1984ல கட்டுன பிளாக், மிடில் ஃப்ளோர், எம்ஆர்டி பக்கம், விலையும் பேசிப் பேசி கிட்டத்தட்ட ஒத்து வந்துருச்சு. வீடு பளிச்சுன்னு இருக்கு, புது பெயின்ட் வேற. ஆனா காமன் டாய்லட் சீலிங்ல மட்டும் பெயின்ட்டுக்கு அடியில லேசா மஞ்சளா ஒரு வட்டம் தெரியுது. நான் கேட்டதுக்கு ஓனர் "அது பழைய கறை, எப்பவோ சரி பண்ணியாச்சு"ன்னார். என் மச்சான் லண்டன்ல இருக்கான், அவன் "சர்வேயர் வச்சுப் பாக்காம கையெழுத்துப் போட்டுராத மாமா"ன்னு தெனம் போன்ல நச்சரிக்கிறான். நம்ம ஏஜண்ட்டோ "வேல்யூவர் வருவாரு, எச்டிபிலேருந்தும் ஆள் வந்து பாப்பாங்க, அதுக்கு மேல எதுக்கு சார் தண்டச்செலவு"ங்கிறாரு. இங்க யாராச்சும் ரீசேலுக்கு ஆள் வச்சுப் பாத்துருக்கீங்களா? அதை ஆப்ஷனுக்கு (வெலை ஒத்து வந்ததும் வாங்குற உரிமைய ஓனர் நமக்கு எழுதிக் குடுக்கிற பத்திரம்) முன்னாடி பண்ணணுமா, பின்னாடியா?

தேக்கா_பாலா:
வேஸ்ட்டு லா. 40 வருஷ வீடு, எப்படியும் டாய்லட்ட ஹேக் பண்ணுவீங்க, கிச்சன ஹேக் பண்ணுவீங்க, வயரிங் மாத்துவீங்க. எல்லாத்தையும் ஒடைக்கப் போற வீட்டுல எது ஒடஞ்சிருக்குன்னு கண்டுபிடிக்க ஒருத்தனுக்கு காசா? அந்தக் காசுல நல்ல வாட்டர் ஹீட்டர் வாங்கலாம்.

செங்காங்_கவி:
பாலா அண்ணே, நீங்க ஒடைக்கிறது உங்க வீட்டுத் தரை. கறை இருக்கிறது மேல்வீட்டுத் தரைக்கு அடியில. உங்க டாய்லட்ட பளிங்குல இழைச்சாலும் மேல்வீட்டு வாட்டர்ப்ரூஃபிங் போயிருந்தா தண்ணி உங்க தலையிலதான் சொட்டும்.

மாப்ள, உங்க ஏஜண்ட் சொன்னதுல ஒரு பெரிய ஓட்டை இருக்கு. வேல்யூவர் வர்றது வெலை மதிப்பு போட. நீங்க சிபிஎஃப்போ (நம்ம சேமநிதி) லோனோ எடுக்கிறீங்கன்னா ஆப்ஷன் கைக்கு வந்த அடுத்த வேலை நாளுக்குள்ள 120 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டி மதிப்பு கேக்கணும்ல, அதுக்காக. ஏரியா, மாடி, சைஸ், மிச்ச லீஸ் (குத்தகை வருஷம்), பக்கத்துல எவ்வளவுக்கு வித்துச்சு, இதுதான் அவங்க கணக்கு, குழாய் ஒழுகுதான்னு குனிஞ்சு பாக்க மாட்டாங்க. சில வீட்டுக்கு நேர்ல வராமலே மதிப்பு வந்துரும். எச்டிபி ஆபீசர் வர்றாரே, அவர் பாக்கிறது அனுமதி இல்லாம செவுத்த எடுத்துருக்காங்களா, செய்யக் கூடாத ரெனோவேஷன் ஏதாச்சும் இருக்கான்னு. இருந்தா விக்கிறவரே சரி பண்ணணும், அது நமக்கு நல்லதுதான், இல்லேன்னு சொல்லல. ஆனா சீலிங் கறையோ டைல்ஸ் தூக்கியிருக்கிறதோ அவர் வேலை இல்ல. அப்புறம் ஏஜண்ட், அவருக்கு டீல் முடிஞ்சாத்தான் கமிஷன். தப்பு சொல்லல, அவர் பொழப்பு அது. மூணு பேர் வீட்டுக்குள்ள வந்துட்டுப் போறாங்க, உங்களுக்காகப் பாக்க ஒருத்தரும் வரல.

ஈஸ்ட்ஹாம்_சிங்கை:
உங்க மச்சான் சொல்றது அவருக்குக் கரெக்ட். நான் பொறந்தது தோ பாயோ, இப்ப இருக்கிறது லண்டன், ரெண்டு ஊர் கதையும் தெரியும். இங்க வீடு வாங்குறப்ப ஆர்ஐசிஎஸ் (சர்வேயர்கள் சங்கம்) சர்வேயர் வைக்கிறது ரொம்ப சகஜம், லெவல் 1, 2, 3ன்னு மூணு ரகம் இருக்கு, நூறு வருஷம் பழைய டெரஸ் வீடுன்னா லெவல் 3தான் எடுப்பாங்க, கூரை, ஈரம், அஸ்திவாரம் எல்லாத்தையும் எழுதிக் குடுப்பாங்க. பேங்க் பண்ற வேல்யூவேஷன் வேற, சர்வே வேறன்னு இங்கயும் சனம் அடிக்கடி கொழப்பிக்குது, அது எல்லா ஊர்லயும் ஒரே கதை.

ஆனா ஒரு வித்தியாசம். இங்கிலாந்துல ஆஃபர அக்செப்ட் பண்ணாலும் கான்ட்ராக்ட் எக்ஸ்சேஞ்ச் ஆகிற வரைக்கும் ரெண்டு பேரையும் எதுவும் கட்டுப்படுத்தாது. அந்த இடைவெளியிலதான் சர்வே நடக்கும், ரிப்போர்ட்ட கையில வச்சுக்கிட்டு "கூரைக்கு இவ்வளவு ஆகும், வெலையக் கொற"ன்னு பேசலாம். சிங்கப்பூர்ல அந்த இடைவெளியே வேற மாதிரி, அதனால மச்சான் சொல்ற மொறைய அப்படியே அங்க நட்டா மொளைக்காது.

முன்னாள்_ஏஜண்ட்:
மேல சொன்னது சரி. நான் இப்ப தொழில்ல இல்ல, அதனால தாராளமா பேசலாம் ஹிஹி.

எச்டிபி ரீசேல்ல ஓடிபி (ஆப்ஷன்) ஃபார்ம் எச்டிபி போட்டது, அதைத்தான் யூஸ் பண்ணணும். "இன்ஸ்பெக்ஷன் சரியா வந்தாத்தான் வாங்குவேன்"னு நீங்களா ஒரு வரி சேக்க முடியாது, தனியா சைட் அக்ரிமென்ட் போட்டாலும் செல்லாது. பிரைவேட் வீட்டுல வக்கீல் வச்சு ஷரத்து சேக்கலாம், விக்கிறவரு ஒத்துக்கிட்டா. எச்டிபில அந்த வழி அடைப்பு. அப்ப உங்களுக்கு என்ன மிச்சம்? ஆப்ஷன் ஃபீஸ் அதிகபட்சம் 1,000 வெள்ளிதான். ஆப்ஷன் வாங்குன நாள்லேருந்து 21 நாள், கடைசி நாள் சாயங்காலம் 4 மணி வரைக்கும் டைம். அதுக்குள்ள எக்ஸர்சைஸ் பண்ணலேன்னா (வாங்குறேன்னு கையெழுத்துப் போடலேன்னா) அந்த ஃபீஸ் போச்சு, அவ்வளவுதான், வேற யாரும் உங்களத் தொரத்த மாட்டாங்க. எக்ஸர்சைஸ் பண்றப்ப கட்டுறதும் சேத்து மொத்த டெப்பாசிட் 5,000 வெள்ளிக்கு மேல போகாது, ஆனா அதுக்கப்புறம் பின்வாங்குனா டெப்பாசிட்டோட வக்கீல் விவகாரமும் வரும்.

அதனால என் கருத்து: ரெண்டாவது தடவை வீடு பாக்கப் போறப்பவே, ஆப்ஷன் வாங்குறதுக்கு முன்னாடி, செக் பண்றவரையும் கூடவே கூட்டிட்டுப் போயிருங்க. விக்கிறவரு பிஸி, வேற பையர் நிக்கிறாங்க, விட்டா போயிரும்னு தோணுச்சுன்னா ஆப்ஷன வாங்கிட்டு முதல் வாரத்துக்குள்ள செக் முடிங்க. அந்த 1,000 வெள்ளிய இன்ஷூரன்ஸ்னு நெனச்சுக்கங்க. ஆப்ஷன் ஃபீஸையே கம்மியா பேசவும் செய்யலாம், 1 வெள்ளிலேருந்து 1,000 வரைக்கும் எவ்வளவு வேணா போடலாம், ஆனா சூடா இருக்கிற மார்க்கெட்ல எந்த ஓனரும் கம்மிக்கு எறங்க மாட்டாரு.

தேக்கா_பாலா:
சரி ஒத்துக்கிறேன் மேல்வீட்டு விஷயம். ஆனா அதுக்கு எதுக்கு இன்ஸ்பெக்டர், ரெனோ கன்ட்ராக்டரக் கூட்டிட்டுப் போனா ஃப்ரீயா பாத்து சொல்லுவாரே?

செங்காங்_கவி:
அங்கதான் மாட்டிக்குவீங்க. ஃப்ரீயா பாக்க வர்றவருக்கு நீங்க அந்த வீட்ட வாங்குனாத்தான் வேலை கெடைக்கும். "வாங்காதீங்க"ன்னு அவர் வாயிலேருந்து வருமா? எங்க அத்தான் வீட்டுக்கு வந்த ஒருத்தரு எல்லாத்துக்கும் "செஞ்சுரலாம் செஞ்சுரலாம்"னாரு, கொட்டேஷன் வந்தப்பதான் ஒவ்வொரு "செஞ்சுரலாம்"மும் எவ்வளவுன்னு தெரிஞ்சுச்சு. பாக்கிறவரும் வேலை செய்றவரும் வேற வேற ஆளா இருக்கணும், என்னோட ஒரே ரூல் இதுதான்.

சிவில்_மணி:
தொழில் சிவில் இன்ஜினியரிங்ங்கிறதால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

1984 பிளாக்னா நான் முதல்ல பாக்கிறது ஸ்பாலிங். அதாவது சீலிங் காங்கிரீட் உரிஞ்சு விழுறது. காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடும் ஈரமும் வருஷக்கணக்கா காங்கிரீட்டுக்குள்ள எறங்கி அதோட காரத்தன்மையக் கொறைச்சிரும், அந்தக் காரம்தான் உள்ள இருக்கிற கம்பிய துருவுலேருந்து காப்பாத்திக்கிட்டு இருந்துச்சு. அது போனதும் கம்பி துரு ஏறி உப்பும், உப்புனா கீழ்ப்பக்க காங்கிரீட்டத் தள்ளி வெடிக்க வைக்கும். எங்க வரும்னா ஈரம் இருக்கிற எடத்துலதான் அதிகம்: டாய்லட், கிச்சன், துணி காயப்போடுற பக்கம். பாக்கிறப்ப சீலிங்ல நேர்கோடா ஒரு வெடிப்பு, அதுவும் கம்பி போற தெசையிலயே, சில எடத்துல டீ கறை மாதிரி பழுப்பு. புது பெயின்ட் அடிச்சிருந்தா கோடு தெரியாது, ஆனா சத்தத்த மறைக்க முடியாது. ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால சீலிங்ல அங்கங்க லேசா தட்டிக்கிட்டே போங்க. நல்ல காங்கிரீட் "டக் டக்"னு கெட்டியா கேக்கும், விட்டுப்போன எடம் "டொப் டொப்"னு வெறுமையா கேக்கும். ஒரு தடவை கேட்டா மறக்காது.

மஞ்சள் வட்டம் பத்தி: வட்டத்தோட ஓரம் கறுத்து நடு வெளிறி இருந்தா தண்ணி வந்து காஞ்சிருக்கு. எத்தன அடுக்கு ஓரம் தெரியுதோ அத்தன தடவை வந்துருக்குன்னு எடுத்துக்கலாம். இப்பவும் வருதான்னு தெரிய மாய்ஸ்ச்சர் மீட்டர் வேணும், அதுலயும் ஒரு தந்திரம் இருக்கு, மேல்வீட்டுல யாரும் குளிக்காத மத்தியானத்துல அளந்தா காஞ்ச மாதிரிதான் காட்டும். காலையில இல்லேன்னா ராத்திரி எட்டு மணிக்கு மேல போங்க. வெள்ளையா உப்புப் பூத்த மாதிரி பொடி இருந்தா தண்ணி ரொம்ப நாளா ஸ்லாப் வழியா நடமாடிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

இன்னொண்ணு, எச்ஐபி (எச்டிபியோட வீட்டு மேம்பாட்டுத் திட்டம்) முடிஞ்ச பிளாக்கான்னு கேளுங்க. 2007ல ஆரம்பிச்ச திட்டம், முதல்ல 1986 வரைக்கும் கட்டுன பிளாக்குகளுக்கு, 2018ல 1997 வரைக்கும் நீட்டுனாங்க. அதுல ஸ்பாலிங் ரிப்பேர், கழிவுக் குழாய் மாத்துறது எல்லாம் கட்டாயப் பகுதி. ஆனா டாய்லட் அப்கிரேட் ஒவ்வொரு வீட்டோட விருப்பம். உங்க வீட்டுக்காரர் செஞ்சிருந்தா மட்டும் போதாது, மேல்வீட்டுக்காரர் வேணாம்னு சொல்லியிருந்தா அவரோட தரை இன்னும் 1984லயே இருக்கு. மேல போயி கதவத் தட்டி ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க, பாதி உண்மை அங்கயே கெடைச்சிரும்.

கரன்ட் விஷயத்துல டிபி பெட்டிய (மெயின் ஸ்விட்ச் பெட்டி) தொறந்து ஆர்சிசிபி (கரன்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற பிரேக்கர்) இருக்கான்னு பாருங்க. 1985 ஜூலைக்கு முன்னாடி கட்டுன வீடுகள்ல சிலதுல இருக்காது. 2023 ஜூலைலேருந்து எல்லா வீட்டுக்கும் கட்டாயம்னு சொல்லி ரெண்டு வருஷம் டைம் குடுத்தாங்க, இன்னும் போடாத வீடுன்னா யார் செலவுன்னு வெலை பேசுறப்பவே பேசிருங்க. ஜன்னல்ல கேஸ்மென்ட் வகைன்னா (கதவு மாதிரி தொறக்கிறது) ரிவெட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலான்னு பாக்கணும், பழைய அலுமினிய ரிவெட்ட மாத்த வேண்டியது ஓனரோட சட்டக் கடமை.

உட்லண்ட்ஸ்_மாலா:
மணி அண்ணா ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தா எங்க தட்டுறது? நாங்க பாத்த வீட்டுல ஹால் ஃபுல்லா ஃபால்ஸ் சீலிங், டாய்லட்லயும் போட்டு லைட்டெல்லாம் வச்சு அழகா பண்ணிருந்தாங்க.

சிவில்_மணி:
டாய்லட் ஃபால்ஸ் சீலிங்ல பெரும்பாலும் ஒரு ஆக்சஸ் பேனல் இருக்கும், அதைத் தொறந்து டார்ச் அடிச்சுப் பாக்கலாம். பேனல் இல்லேன்னா எனக்கு சந்தேகம் வரும், ஏன்னா மேல்வீட்டு குழாய் அங்கதான் ஓடுது, ரிப்பேர்னா எதைத் தொறப்பாங்க? பலகையில உப்பல், மூலையில கறுப்புப் பூஞ்சை இருந்தா போதும். தெர்மல் கேமரா வச்சிருக்கிறவங்க ஈர எடத்த வெப்ப வித்தியாசத்துல காட்டுவாங்க, ஆனா அது குறிப்புதான், அதை மட்டும் நம்பி முடிவு பண்ணாதீங்க.

செங்காங்_கவி:
கறை நெஜமாவே லீக்னா என்ன ஆகும்னு சொல்றேன், ஏன்னா எங்க அம்மா வீட்டுல அனுபவிச்சோம். எச்டிபில சீலிங் லீக்குக்கு மேல்வீடு கீழ்வீடு ரெண்டு பேருக்கும் பொறுப்பு உண்டு. குட்வில் ரிப்பேர் திட்டத்துல வந்தா எச்டிபி 50 சதவீதம் போடும், மிச்சத்த ரெண்டு வீடும் ஆளுக்கு 25. ஸ்பாலிங்னா எச்டிபி பாதி, நீங்க பாதி. காசு கணக்கு கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வேலை நடக்கிறது மேல்வீட்டு டாய்லட்ல, அவங்க தரைய ஒடைக்கணும், அவங்க ஒத்துக்கணும். எங்க மேல்வீட்டு அங்கிள் நல்ல மனுஷன்தான், ஆனா அந்த டைல்ஸ் அவர் மகள் கல்யாணத்துக்குப் போட்டது, ஒடைக்க மனசு வரல. ஆபீசர் வந்து பேசி, தேதி மாறி, மறுபடி பேசி... அம்மா அந்த டாய்லட்ல பக்கெட் வச்சுக்கிட்டே தீபாவளி கொண்டாடுனாங்க. வாங்குறதுக்கு முன்னாடி தெரிஞ்சா இந்தச் சண்டை விக்கிறவரோடது. வாங்குனப்புறம் உங்களோடது.

ஈசூன்_மாப்ள:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். இப்ப யாரை வைக்கிறதுன்னுதான் கேள்வி. நெட்டுல தேடுனா ஏகப்பட்ட டிஃபெக்ட் செக் கம்பெனி வருது, எல்லாரும் பிடிஓ (எச்டிபி புதுசா கட்டிக் குடுக்கிற வீடு) போட்டோவா போட்டிருக்காங்க. எதை வச்சு நம்புறது?

சிவில்_மணி:
நல்ல கேள்வி. டிஃபெக்ட் செக்குக்குன்னு இங்க தனி லைசென்ஸ் கெடையாது, மாய்ஸ்ச்சர் மீட்டரும் ஐபேடும் வாங்குன யாரும் கம்பெனி தொறக்கலாம். பிடிஓ செக்ல பழகுனவங்களுக்கு டைல்ஸ் உள்ள வெறுமை, கதவு கீறல், பெயின்ட் தீற்றல் நல்லா வரும், ஏன்னா அங்க சாவி வாங்கி ஒரு வருஷத்துக்குள்ள எழுதிக் குடுத்தா கன்ட்ராக்டர் சரி பண்ணிக் குடுப்பாரு. சீலிங் லீக்குக்கு 5 வருஷம், ஸ்பாலிங்குக்கு 10 வருஷம்னும் எச்டிபி பொறுப்பு இருக்கு. உங்க 1984 வீட்டுக்கு இதெல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சு, டைல்ஸ் கீறல் லிஸ்ட் நூறு பக்கம் வந்தாலும் யார்கிட்ட குடுப்பீங்க?

அதனால பழைய ரீசேல் வீட்டு ரிப்போர்ட் ஒண்ணு, பேர் அட்ரஸ் மறைச்சுட்டு, சாம்பிள் கேளுங்க. அதுல "இது உடனே ஆபத்து, இது ரெனோவுல சரியாகிரும், இது மேல்வீடு சம்பந்தப்பட்டது"ன்னு பிரிச்சு எழுதியிருந்தா அவருக்கு வேலை தெரியும். வெறும் போட்டோவும் சிவப்பு வட்டமும்னா வேணாம். செவுரு எடுத்துருக்காங்க, பீம்ல வெடிப்பு இருக்கு மாதிரி சந்தேகம்னா அப்ப பிஇ, அதாவது புரொஃபஷனல் இன்ஜினியர்ஸ் போர்டுல பதிஞ்ச இன்ஜினியர்தான் வேணும், போர்டு வெப்சைட்ல பேர தட்டிப் பாக்கலாம். கரன்ட்டுக்கு இஎம்ஏ (எரிசக்தி ஆணையம்) லைசென்ஸ் உள்ளவர், குழாய்க்கு பியூபி (தண்ணி வாரியம்) லைசென்ஸ் உள்ளவர். செலவு சில நூறு வெள்ளி ஆகும், பிஇ எழுத்துல குடுத்தா அதுக்கு மேல.

முன்னாள்_ஏஜண்ட்:
ஒரு சின்ன தந்திரம் சொல்றேன். ஓனர்கிட்ட "இன்ஸ்பெக்டர் வர்றாரு"ன்னு சொன்னா மூஞ்சி மாறிரும், ஏதோ அவரத் திருடன்னு சொன்ன மாதிரி எடுத்துக்குவாரு. "ரெனோ பிளானுக்கு அளவு எடுக்கணும், ஒருத்தரக் கூட்டிட்டு வர்றேன்"னு சொல்லுங்க, அளவும் எடுத்துக்கங்க.

செங்காங்_கவி:
ஐய்யோ இதுல பொய் எதுக்கு? நேரா சொல்லி, வேணாம்னு சொன்னா அதுவே ஒரு பதில்தானே. ஒளிக்க ஒண்ணுமில்லாத ஓனர் டீ போட்டுக் குடுப்பாரு.

ஈசூன்_மாப்ள:
அப்டேட். கவி அக்கா சொன்ன மாதிரி நேராவே கேட்டோம், ஓனர் கொஞ்சம் முனகுனாரு, அப்புறம் ஞாயித்துக்கெழம ராத்திரி வரச் சொன்னாரு. வந்தவரு டாய்லட் வட்டத்த அளந்தாரு, காஞ்சுதான் இருந்துச்சு, மேல்வீட்டு அக்கா எச்ஐபில டாய்லட் செஞ்சுக்கிட்டாங்களாம், ஓனர் சொன்னது உண்மைதான். ஆனா யாரும் யோசிக்காத கிச்சன்ல, சிங்க்குக்கு மேல சீலிங்ல தட்டுனப்ப டொப் டொப்னு கேட்டுச்சு. எனக்கே வித்தியாசம் தெரிஞ்சுச்சு. ரெண்டு கை அகலத்துக்கு ஸ்பாலிங் ஆரம்பம்ங்கிறாரு. அதைச் சொல்லி வெலைல கொஞ்சம் கொறைக்கச் சொன்னோம், நாங்க கொறைக்கச் சொன்னதுல பாதிய ஓனர் கொறைச்சாரு. ஆப்ஷன் வாங்கியாச்சு, வேல்யூவேஷனுக்கு வெயிட்டிங். ஏஜண்ட் இப்ப "நான்தான் செக் பண்ணச் சொன்னேன்"ங்கிற ரேஞ்சுல பேசுறாரு.

தேக்கா_பாலா:
ஹாஹா ஏஜண்ட். சரி, வாட்டர் ஹீட்டர் காச விட நல்ல செலவுதான், ஒத்துக்கிறேன். சிபிஎஃப் லீஸ் கணக்கு போட்டியா தம்பி? மிச்ச லீஸ் வாங்குறவங்கள்ல இளைய ஆளுக்கு 95 வயசு வரைக்கும் வரணும், இல்லேன்னா எடுக்கிற சிபிஎஃப்ல கொறைப்பாங்க.

ஈசூன்_மாப்ள:
போட்டேன்ணே, வீட்டம்மாவுக்கு 33, கொஞ்சம் இடிக்குது, கேஷ் சேத்துப் போடுறோம்.

உட்லண்ட்ஸ்_மாலா:
இதே இழைல கேக்குறேன், தப்பா நெனைக்காதீங்க. எங்க மாமனார் சிராங்கூன் கார்டன் பக்கம் ஒரு பழைய டெரஸ் வீடு பாக்குறாரு, பின்னாடி கிச்சன இழுத்துக் கட்டிருக்காங்க, பக்கத்து வீட்டு வேலியும் கோணலா இருக்கு. அதுக்கும் இதே இன்ஸ்பெக்டர் போதுமா?

சிவில்_மணி:
போதாதுங்க. லேண்டட்ல (நிலத்தோட வர்ற வீடு) ரெண்டு கேள்வி தனி. இழுத்துக் கட்டுன பகுதிக்கு பிளான் அனுமதி இருக்கான்னு பிசிஏகிட்ட (கட்டட ஆணையம்) பழைய பிளான் வாங்கிப் பாக்கணும், இல்லாத பட்சத்துல ஒடைக்கச் சொன்னா வாங்குனவர் தலையில விழும். வேலி கோணல்னா நிலத்தோட எல்லைய அளக்க பதிவு பெற்ற லேண்ட் சர்வேயர் வேணும், லேண்ட் சர்வேயர்ஸ் போர்டுல பேர் இருக்கும், எல்லைக் கல் எங்கன்னு அவர்தான் சொல்ல முடியும், டேப் வச்சு நாமளா அளந்தா பக்கத்து வீட்டுக்காரரோட சண்டைதான் மிஞ்சும். ரோடு ரிசர்வ், சாக்கடை ரிசர்வ் (ரோட்டுக்கும் சாக்கடைக்கும் ஒதுக்கி வச்ச எடம்) ஏதாச்சும் நிலத்துக்குள்ள வருதான்னு வக்கீல் எல்டிஏ (தரைப் போக்குவரத்து ஆணையம்), பியூபிக்கெல்லாம் எழுதிக் கேப்பாரு, அந்த பதில் வர்றதுக்குள்ள பிரைவேட் ஆப்ஷன் முடிஞ்சிரக் கூடாது, அதுல வழக்கமா 14 நாள்தான், ஃபீஸும் 1 சதவீதம், எச்டிபி மாதிரி 1,000 வெள்ளியோட போகாது. மாமனார்கிட்ட ஆப்ஷனுக்கு முன்னாடியே வக்கீலப் பாக்கச் சொல்லுங்க. வீட்டு சைஸ், எப்ப இழுத்துக் கட்டுனாங்கன்னு தெரிஞ்சா போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.